கேட்ட காரணம் ஒன்று, போன இடம் வேறு

2020 மார்ச் கடைசியில் கர்நாடக அரசு ஓர் ஏற்பாட்டை அறிவித்தது. கொரோனா தொற்றுக்காக வீட்டில் தனிமைப்படுத்தப்பட்டவர்கள் ‘குவாரன்டைன் வாட்ச்’ என்ற செயலியைச் செல்போனில் இறக்கிக்கொள்ள வேண்டும். காலை 7 மணி முதல் இரவு 10 மணி வரை மணிக்கு ஒரு முறை செல்ஃபி எடுத்து அனுப்ப வேண்டும். படத்தோடு ஜிபிஎஸ் இடக்குறிப்பும் சேர்ந்து போகும். அனுப்பத் தவறுகிறவர்கள் அரசின் பொது முகாமுக்குக் கொண்டுபோகப்படுவார்கள். வெளிநாட்டிலிருந்து திரும்பித் தனிமையில் இருந்தவர்களின் வீட்டு முகவரிகளை மாவட்ட வாரியாக அரசு வெளியிட்டதும் அதே மாதத்தில்தான். அந்தப் பட்டியல் வாட்ஸ்அப்பில் தெருத்தெருவாகச் சுற்றியது. நோய் பரவாமல் தடுப்பது நல்ல காரணம்தான். ஆனால் முகவரிகளைப் படித்தவர்கள் எல்லோரும் மருத்துவர்களோ சுகாதார ஊழியர்களோ இல்லை. அக்கம்பக்கத்தார் படித்தார்கள், வீட்டு உரிமையாளர்கள் படித்தார்கள். மருத்துவத்துக்காகத் திரட்டிய தகவல், குடியிருக்கும் தெருவிலேயே ஒரு குடும்பத்தை ஒதுக்கிவைக்க வழிகாட்டியது. எடுத்த தகவலை எப்போது அழிப்பீர்கள் என்று கேட்பதற்கு அன்று நாட்டில் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் என ஒன்று இல்லை.

செல்போன் கண்காணிப்பு என்றதும் உளவு நிறுவனங்களும் ஒட்டுக்கேட்கும் அதிகாரிகளும் நம் நினைவுக்கு வருகிறார்கள். அவர்களும் இருக்கிறார்கள்தான். ஆனால் பெங்களூரின் கடந்த சில ஆண்டு அனுபவத்தை வரிசையாக வைத்துப் பார்த்தால், தகவலை எடுக்கும் நேரத்தில் பெரும்பாலும் ஏதோ ஒரு நியாயமான காரணம் இருந்திருக்கிறது. தீங்கு பிறகுதான் வருகிறது, அந்தத் தகவல் தன் காரணத்தை விட்டு இடம் பெயரும்போது. நோய்த்தடுப்புக்கு எடுத்தது வேறு துறைகளுக்குப் போகிறது. கடன் கொடுக்க எடுத்தது மிரட்டலுக்குப் போகிறது. காவல்துறைக்காகச் சேமித்தது தனியார் துப்பறிவாளரிடம் விலைக்குப் போகிறது. ஆகவே செல்போனில் நம் அந்தரங்கத்தைக் காப்பது எப்படி என்ற கேள்விக்கு, ‘செட்டிங்ஸை மாற்றுங்கள்’ என்ற பதில் பாதிக்கும் போதாது. எதற்காக எடுத்தார்களோ அதற்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும், வேலை முடிந்ததும் அழிக்க வேண்டும் என்று எடுத்தவரின் கையைக் கட்டிப்போட வேண்டும். நம் பேச்சில் அதிகம் வராத பகுதி இதுதான்.

முதலில், ஒரு செல்போன் என்னவெல்லாம் சொல்கிறது என்று பார்ப்போம். பெங்களூர் சிட்டி ரயில் நிலையத்தை ஒட்டிய ஒக்கலிபுரமும் அடுத்துள்ள ஸ்ரீராமபுரமும் தலைமுறைகளாகத் தமிழர்கள் நெருக்கமாக வாழும் பகுதிகள். அங்கே வசிக்கும் ஒருவர் நாள் முழுக்க யாரோடும் பேசவில்லை, எந்தச் செயலியையும் திறக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அவருடைய போன் அருகிலுள்ள டவரோடு தொடர்பில்தான் இருக்கும். இல்லாவிட்டால் அவருக்கு வரும் அழைப்பு வந்து சேராது. நெருக்கமான நகரத்தில் டவர்கள் சில நூறு மீட்டர் இடைவெளியில் நிற்பதால், எந்தத் தெருக்கள் சூழ்ந்த வட்டாரத்தில் அவர் இருக்கிறார் என்பது தொலைத்தொடர்பு நிறுவனத்துக்குத் தெரியும். ஜிபிஎஸ் அதைச் சில மீட்டருக்குச் சுருக்குகிறது. சுற்றிலும் தென்படும் வைஃபைகளின் பெயர்கள் கட்டடத்தையே சொல்லிவிடும். இவற்றோடு, ஒவ்வொரு ஸ்மார்ட்போனிலும் விளம்பரத்துக்கென்றே ஓர் அடையாள எண் இருக்கிறது. விளையாட்டுச் செயலி, வானிலைச் செயலி, பஞ்சாங்கச் செயலி என வெவ்வேறு ஆட்கள் செய்த செயலிகள் அந்த ஒரே எண்ணின் கீழ் தகவல்களைச் சேர்க்கும்போது, தனித்தனியாகக் கிடந்தவை ஒரு மனிதரின் நாளாக உருவம் பெறுகின்றன.

‘பெயர் இல்லாமல்தானே சேர்க்கிறார்கள்’ என்று நிறுவனங்கள் சொல்வதுண்டு. 2013இல் ‘சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்’ என்ற அறிவியல் இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு இதற்குப் பதில் தருகிறது. 15 லட்சம் பேரின் 15 மாதச் செல்போன் நடமாட்டத்தைப் பெயர்களை நீக்கிவிட்டு ஆராய்ந்தார்கள். எந்த நேரத்தில் எந்த டவரின் எல்லையில் இருந்தார் என்ற நான்கே நான்கு புள்ளிகள் கிடைத்தால், நூற்றில் 95 பேரைத் தனித்து அடையாளம் கண்டுவிட முடிந்தது. காரணம் எளிது. இரவு ஒக்கலிபுரத்தில் தூங்கி, காலை 9 மணிக்கு ஒயிட்ஃபீல்டில் குறிப்பிட்ட ஒரு கட்டடத்தில் நுழைந்து, செவ்வாய்க்கிழமை மாலை குறிப்பிட்ட ஒரு மருத்துவமனையில் இருக்கிறவர் இந்த நகரத்தில் ஒருவர்தான் இருப்பார். பெயரைக் கிழித்துப் போட்டாலும் நாம் நடந்த வழி நம் பெயரைச் சொல்லிவிடுகிறது.

இந்தப் பதிவுகள் நீண்ட நாள் இருக்கவும் செய்கின்றன. யாரிடம், எப்போது, எவ்வளவு நேரம், எந்த டவரின் கீழிருந்து பேசினோம் என்ற அழைப்பு விவரப் பதிவை, அதாவது காவல்துறையினரும் பத்திரிகையாளர்களும் ‘சிடிஆர்’ என்று சொல்வதை, குறைந்தது 2 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் மத்தியத் தொலைத்தொடர்புத் துறை உரிம விதிகளைத் திருத்தியது. குற்றப் புலனாய்வு தேவைப்பட்டால் கிடைக்கட்டும் என்பது நோக்கம். ஆனால் 2024இல் பெங்களூர் மத்தியக் குற்றப் பிரிவு, தனியார் துப்பறியும் நிறுவனங்களை நடத்தியவர்கள் உள்ளிட்ட சிலரைக் கைது செய்தது. பிறருடைய அழைப்பு விவரப் பதிவுகளைச் சட்டவிரோதமாக வாங்கி விற்றார்கள் என்பது வழக்கு. 2018இல் மராட்டியத்தின் தாணேயிலும் இதே வகையான வழக்கில் துப்பறிவாளர்கள் கைதானார்கள். கணவன் மனைவியையோ, தொழில் கூட்டாளி கூட்டாளியையோ வேவு பார்க்க நினைத்தால் புதிதாக உளவுக் கருவி எதுவும் வேண்டியதில்லை. சட்டப்படி சேமித்து வைக்கப்பட்ட கிடங்கு ஏற்கெனவே இருக்கிறது. கிடங்கு என்று ஒன்று இருந்தால் அதன் சாவிக்கு விலை பேசும் ஆளும் வருவார். ஆகவே சேமிப்பதைக் குறைப்பதே முதல் பாதுகாப்பு என்பது என் உறுதியான எண்ணம்.

இடம் பெயர்தலுக்கு நான் அறிந்தவற்றில் மிகத் தெளிவான சான்று, தமிழை ஆட்சிமொழிகளில் ஒன்றாகக் கொண்ட சிங்கப்பூரில் நடந்தது. கொரோனா தொடர்பைக் கண்டறிய அந்த அரசு ‘டிரேஸ்டுகெதர்’ செயலியைக் கொண்டுவந்தது. தொற்றுத் தடத்தைத் தேட மட்டுமே இந்தத் தகவல் பயன்படும் என்று 2020இல் அதற்குப் பொறுப்பான அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணன் சொன்னார். மக்கள் நம்பி, பெருமளவில் சேர்ந்தார்கள். 2021 ஜனவரியில், குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி காவல்துறையும் இந்தத் தகவலைக் கேட்டுப் பெறலாம் என்று நாடாளுமன்றத்திலேயே அரசு தெரிவித்தது. ஒரு கொலை வழக்கில் கேட்டுப் பெறவும் பட்டிருந்தது. எதிர்ப்பு கிளம்பவே, மறு மாதமே சட்டம் கொண்டுவந்து ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டும் என்று வரம்பு கட்டினார்கள். அந்த அரசு மக்களை ஏமாற்றத் திட்டமிட்டது என்று சொல்ல நான் துணிய மாட்டேன். செயலியை வடிவமைத்தபோது வேறொரு பழைய சட்டம் அந்தத் தகவலைத் தொடக்கூடும் என்பதை எண்ணிப் பார்க்கவில்லை என்றே தோன்றுகிறது. நல்லெண்ணத்தோடு நடத்தப்பட்ட ஏற்பாட்டிலேயே இது நடக்குமானால், தடுப்பு எழுத்தில் இருந்தாக வேண்டும், வாய்ச்சொல் போதாது.

இதே பிரச்சினை இந்தியாவில், பெங்களூரிலும் நீதிமன்றத்தின் முன் வந்தது. 2020 ஏப்ரல் 2 அன்று மத்திய அரசு ‘ஆரோக்ய சேது’ செயலியை வெளியிட்டது. புளூடூத் வழியே அருகில் இருந்தவர்களையும் ஜிபிஎஸ் வழியே இடத்தையும் அது குறித்துக்கொண்டது. விருப்பம் உள்ளவர்களுக்கு என்று தொடங்கியது, அலுவலகத்துக்கும் பயணத்துக்கும் கட்டாயம் என்கிற அளவுக்கு வளர்ந்தது. பெங்களூர் மென்பொருள் பொறியாளர் அனிவர் அரவிந்த் கர்நாடக உயர் நீதிமன்றத்தை அணுகினார். செயலியை நிறுவவில்லை என்பதற்காக அரசின் சேவைகளை மறுக்கக் கூடாது என்று 2020 அக்டோபரில் இடைக்கால உத்தரவு வந்தது. 2021 ஜனவரி 25 அன்று தலைமை நீதிபதி அபய் ஓகா தலைமையிலான அமர்வு இன்னும் ஆழமாகப் போனது. செயலியில் மக்கள் தந்த தகவலைப் பிற அரசு அமைப்புகளோடு பகிர்வதற்குத் தனியாக ஒரு நெறிமுறை இருந்தது. ஆனால் செயலியை இறக்கியவரிடம் அதைத் தெரிவித்து ஒப்புதல் பெறவில்லை. ஆகவே தெரிந்து தந்த ஒப்புதல் இல்லாமல் அந்தத் தகவலைப் பகிரக் கூடாது என்று அமர்வு தடுத்தது. ஒரு காரணத்துக்குத் தந்த ஒப்புதலை இன்னொரு காரணத்துக்கு நீட்டிக்க முடியாது என்ற கருத்து அந்த உத்தரவில் இருக்கிறது. ஊர்தோறும் பேசப்பட்டிருக்க வேண்டிய உத்தரவு அது.

2022 நவம்பரில் வெளிவந்த ‘சிலுமே’ விவகாரம் இதன் அரசியல் முகம். வாக்காளர் விழிப்புணர்வுக்காகப் பெங்களூர் மாநகராட்சி ‘சிலுமே’ என்ற அறக்கட்டளைக்கு அனுமதி தந்திருந்தது. அதன் ஆட்கள் வாக்குச்சாவடி நிலை அலுவலர்கள் போல அடையாள அட்டையோடு வீடு வீடாகப் போய், வாக்காளர்களின் தனிப்பட்ட விவரங்களைச் செல்போன் செயலியில் பதிந்தார்கள் என்று செய்தி வெளியானது. கைதுகள் நடந்தன. தேர்தல் ஆணையம் இரண்டு உயரதிகாரிகளைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்யச் சொல்லி, சிவாஜிநகர், சிக்பேட்டை, மகாதேவபுரா ஆகிய மூன்று தொகுதிகளின் வாக்காளர் பட்டியலை மறுபடி சரிபார்க்க உத்தரவிட்டது. கதவைத் திறந்து விவரம் சொன்னவர்கள் எந்தப் பிழையும் செய்யவில்லை. அரசு ஊழியர் என்று நம்பி, வாக்குரிமைக்காகப் பதில் சொன்னார்கள். அவர்கள் எவ்வளவு கவனமாக இருந்திருந்தாலும் இதைத் தடுத்திருக்க முடியாது. தனிமனித எச்சரிக்கையின் எல்லை எதுவரை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை.

இங்கே ஓர் ஆட்சேபம் வரும். தனியார் செயலிகள் கேட்கின்றன, நாம் ‘அனுமதி’யை அழுத்துகிறோம்; பிறகு புலம்புவது எப்படி நியாயம்? கடன் செயலிகளின் கதையைப் பார்த்தால் இந்த ஆட்சேபத்தின் பலவீனம் தெரியும். அவசரத்துக்கு ஐந்தாயிரமோ பத்தாயிரமோ தேடுகிறவருக்குச் செயலி சில நிமிடத்தில் பணம் தந்தது. பதிலுக்குத் தொடர்புப் பட்டியலையும் புகைப்படங்களையும் எடுத்துக்கொண்டது. தவணை தவறியதும், சில நேரம் தவறாதபோதும், அந்தப் பட்டியலில் உள்ள உறவினர்களுக்கும் மேலதிகாரிக்கும் அவதூறும் உருமாற்றிய படங்களும் போயின. பெங்களூர் சைபர் க்ரைம் காவல் நிலையத்தில் பதிவான வழக்குகளின் அடிப்படையில் 2022 செப்டம்பரில் அமலாக்கத் துறை இந்த நகரத்தில் பல இடங்களில் சோதனை நடத்தியது. அதே மாதம் 2ஆம் தேதி ரிசர்வ் வங்கி, கடன் செயலிகள் செல்போனின் கோப்புகளையும் தொடர்புப் பட்டியலையும் அழைப்புப் பதிவுகளையும் தொடக் கூடாது என்று விதித்தது. கேமரா, மைக், இருப்பிடம் ஆகியவற்றையும் வாடிக்கையாளரைச் சேர்க்கும்போது ஒரு முறை மட்டும், ஒப்புதலோடு பெறலாம் என்றது. ‘அனுமதி’ பொத்தானை அழுத்தியவரிடம் பேரம் பேசும் வலு இருக்கவில்லை. அவருடைய தொடர்புப் பட்டியலில் இருந்த 200 பேரோ எந்தப் பொத்தானையும் அழுத்தவேயில்லை. ஒருவருடைய அனுமதி இன்னொருவரின் அந்தரங்கத்தைத் திறந்துவிடுகிறது. ரிசர்வ் வங்கியின் விதி ஒப்புதலோடு நிற்காமல், ‘தொடவே கூடாது’ என்று சொன்னது. பிற துறைகளுக்கும் இந்த மாதிரி விதிதான் வேண்டும்.

அடுத்த ஆட்சேபம் பழகிப்போன ஒன்று: தப்புச் செய்யாதவர் எதற்கு மறைக்க வேண்டும்? நம் உச்ச நீதிமன்றம் இந்தக் கேள்வியோடு அரை நூற்றாண்டுக்கு மேல் போராடியிருக்கிறது. 1962இல் கரக் சிங் என்பவரின் வழக்கில், போதிய ஆதாரம் இல்லாமல் விடுவிக்கப்பட்ட பிறகும் இரவில் அவர் வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்த உத்தரப் பிரதேசக் காவல்துறையின் வழக்கம் செல்லாது என்று நீதிமன்றம் சொன்னது. ஆனால் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஏற்க மறுத்தது. 1994இல் தமிழ்நாட்டு வழக்கொன்று திருப்பத்தைத் தந்தது. சிறையில் இருந்த ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை ‘நக்கீரன்’ இதழ் வெளியிடுவது குறித்த அந்த வழக்கில், தன்னைத் தனியே விடும்படி கேட்கும் உரிமை குடிமகனுக்கு உண்டு என்று நீதிமன்றம் சொன்னது. முழு விடை 2017 ஆகஸ்ட் 24 அன்று வந்தது. அதை வாங்கித் தந்தவர் பெங்களூர்க்காரர், கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி. ஆதாரை எதிர்த்து 2012இல் அவர் மனு போட்டபோது வயது 86. ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். அரசு அதில் தலையிட வேண்டுமானால் ஒரு சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், தலையீடு அந்த நோக்கத்தின் அளவை மிஞ்சாமல் இருக்க வேண்டும். புட்டசாமி 2024 அக்டோபரில் 98 வயதில் காலமானார். நம் ஒவ்வொருவரின் செல்போனுக்குள்ளும் அவர் வாங்கித் தந்த உரிமை இருக்கிறது என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும்.

மறைக்க ஒன்றும் இல்லை என்று சொல்ல எல்லோராலும் ஒரே மாதிரி முடிவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பெங்களூரின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் காவலாளியின் செல்போன் செயலி, வீட்டுவேலைக்கு வரும் பெண்கள் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்கள், எப்போது வெளியே போனார்கள் என்று குறித்துக்கொள்கிறது. அங்கே குடியிருக்கிறவர்களின் வருகையை அப்படி எழுதிவைத்து வேலைக்காரர்களுக்குக் காட்டுவதில்லை. உணவு கொண்டுவரும் இளைஞரின் ஒவ்வொரு திருப்பத்தையும் நிறுவனமும் பார்க்கிறது, வாடிக்கையாளரும் பார்க்கிறார். அந்தத் தகவலைக் கொண்டு கணினி அவருடைய வருமானத்தை நிர்ணயிக்கிறது. 2025இல் கர்நாடகம் இயற்றிய செயலிவழித் தொழிலாளர் சட்டம், இந்தத் தானியங்கிக் கண்காணிப்பு எப்படி வேலை செய்கிறது என்பதைத் தொழிலாளிக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. நல்ல தொடக்கம். கண்காணிப்பு எப்போதும் மேலிருந்து கீழ்நோக்கியே கனமாக விழுகிறது. மறைக்க ஒன்றும் இல்லை என்ற வாக்கியத்தைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் அந்தக் கனம் படாத இடத்தில் நிற்கிறார்கள்.

எல்லாவற்றிலும் வலுவான ஆட்சேபம் பாதுகாப்பைப் பற்றியது. குண்டு வைப்பவரையும் குழந்தை கடத்துபவரையும் பிடிக்க டவர் பதிவு வேண்டாமா? வேண்டும். அதை ஏற்காமல் இந்த விவாதத்தில் நேர்மையாகப் பேச முடியாது. ஒட்டுக்கேட்கவே கூடாது என்று நம் நீதிமன்றங்களும் சொன்னதில்லை. 1996இல் மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒட்டுக்கேட்புக்கு உள்துறைச் செயலர் நிலையில் உத்தரவு வேண்டும், அதை ஒரு குழு மறுஆய்வு செய்ய வேண்டும் என்று நடைமுறை வகுத்தது. குறை எங்கே என்றால், உத்தரவிடுகிறவரும் அரசு அதிகாரி, மறுஆய்வு செய்கிறவர்களும் அரசு அதிகாரிகள். அரசுக்கு வெளியே நிற்கும் ஒரு நீதிபதியின் கண் எந்தக் கட்டத்திலும் அதில் படுவதில்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2018இல், ஒருவரின் நீண்ட நாள் டவர் நடமாட்டப் பதிவைப் பெறவே பொதுவாக நீதிமன்ற வாரண்ட் வேண்டும் என்று சொல்லிவிட்டது. இங்கே 2023இன் புதிய தொலைத்தொடர்புச் சட்டமும் பழைய வழியிலேயே போகிறது.

அதிகாரம் அதிகாரத்தையே தணிக்கை செய்தால் என்ன ஆகும் என்பதைக் கர்நாடகம் மற்ற மாநிலங்களைவிட நன்றாக அறியும். 1988 ஆகஸ்டில் முதலமைச்சர் ராமகிருஷ்ண ஹெக்டே பதவி விலகியது தொலைபேசி ஒட்டுக்கேட்புக் குற்றச்சாட்டின் காரணமாகத்தான். 2019 ஆகஸ்டில், முந்தைய கூட்டணி ஆட்சியில் அரசியல்வாதிகள், அதிகாரிகள் போன்கள் ஒட்டுக்கேட்கப்பட்டன என்ற புகாரை எடியூரப்பா அரசு மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைத்தது. அந்த ஆட்சியின் முதலமைச்சராக இருந்த குமாரசாமி அதை மறுத்தார். 2021 ஜூலையில் ‘பெகாசஸ்’ என்ற உளவு மென்பொருள் பற்றிய செய்திகள் வெளிவந்தபோது, 2019இல் அந்தக் கூட்டணி ஆட்சி கவிழ்ந்த காலத்தில் துணை முதலமைச்சர் பரமேஸ்வராவின் எண்ணும், குமாரசாமி, சித்தராமையா ஆகியோரின் செயலர்களுடைய எண்களும் இலக்காகக் கூடியவை என்ற பட்டியலில் இருந்ததாகச் சொல்லப்பட்டது. பட்டியலில் எண் இருந்தது என்பதாலேயே போன் ஊடுருவப்பட்டது என்று ஆகிவிடாது. உச்ச நீதிமன்றம் நீதிபதி ஆர்.வி. ரவீந்திரன் மேற்பார்வையில் அமைத்த குழு 29 போன்களை ஆராய்ந்து, 5 போன்களில் ஏதோ தீநிரல் இருந்ததாகவும் அது பெகாசஸ்தான் என்று உறுதிசெய்ய முடியவில்லை என்றும் சொன்னது. மத்திய அரசு ஒத்துழைக்கவில்லை என்பதையும் 2022 ஆகஸ்டில் நீதிமன்றம் வெளிப்படையாகச் சொன்னது. நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் கேட்டும் பதில் வராத இடத்தில், ஒக்கலிபுரத்தில் வசிக்கும் ஒரு தொழிலாளி தன் போனைப் பற்றிக் கேட்டு என்ன பதில் பெறுவார்?

அதிகாரத்துக்கு வரம்பு கட்டுவதில் வெளிச்சம் தரும் தீர்ப்பு ஒன்று சென்னையிலிருந்து வந்தது. 2025 ஜூலை 2 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், லஞ்ச வழக்கொன்றில் 2011இல் மத்திய உள்துறை பிறப்பித்த ஒட்டுக்கேட்பு உத்தரவை ரத்து செய்தார். பொது அவசர நிலைக்கும் பொதுப் பாதுகாப்புக்கும் மட்டுமே சட்டம் ஒட்டுக்கேட்பை அனுமதிக்கிறது; ரகசியமாக நடக்கும் சாதாரணக் குற்றத்தைக் கண்டுபிடிக்க அதை நீட்டிக்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம். குற்றம் சாட்டப்பட்டவர் நல்லவரா கெட்டவரா என்ற பேச்சே அங்கு எழவில்லை. கொடுத்த அதிகாரம் கொடுத்த காரணத்துக்குள் நிற்க வேண்டும் என்பதுதான் கேள்வி. காவல்துறை கையில் சிக்கும் போனுக்கும் இதே அளவுகோல் வேண்டும். பெங்களூரில் பதிவான போதைப்பொருள் வழக்கொன்றில் 2021 மார்ச்சில் கர்நாடக உயர் நீதிமன்ற நீதிபதி சூரஜ் கோவிந்தராஜ் வழிமுறைகள் வகுத்தார். போனைத் திறக்க மறுப்பவரிடம் புலனாய்வு அதிகாரி தானே வற்புறுத்த முடியாது, நீதிமன்றத்தை நாட வேண்டும்; எடுத்த தகவலை நீதிமன்றத்தின் எழுத்துமூல அனுமதியின்றி மூன்றாம் ஆளிடம் தரக் கூடாது என்றார். கடவுச்சொல்லைத் தரும்படி நீதிமன்றம் ஆணையிடலாம், அது தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்வது ஆகாது என்ற பகுதியை என்னால் முழுமனதாக ஏற்க முடியவில்லை. ஒரு போனைத் திறப்பது வீட்டைச் சோதனை போடுவதைவிட ஆழமானது. ஆனாலும் தெருவில் நிறுத்தி ‘போனைக் காட்டு’ என்பதற்கு இந்தத் தீர்ப்பில் இடமில்லை என்பதைச் சாதாரண மக்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

நம் கையில் உள்ளவற்றையும் விட்டுவிடக் கூடாது. இருப்பிட அனுமதியை ‘பயன்படுத்தும்போது மட்டும்’ என்று மாற்றலாம். புதிய ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் துல்லிய இடத்துக்குப் பதில் தோராய இடத்தைத் தரும் வசதி இருக்கிறது. வானிலைச் செயலிக்கு அது போதும். ஆண்ட்ராய்டில் விளம்பர அடையாள எண்ணை நீக்கிவிடலாம். ஐபோனில் செயலிகள் பின்தொடர்வதை மறுக்கலாம். கணக்குப் போடும் செயலி தொடர்புப் பட்டியலைக் கேட்டால் அதை நீக்குவதே சரி. திருமண அழைப்பிதழ் என்று வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பை, அதாவது செயலியை நிறுவும் கோப்பைத், திறக்கவே கூடாது. பெங்களூரின் எஸ்.பி. ரோட்டில் பழுதுபார்க்கக் கொடுக்கும் முன், போனில் பராமரிப்பு முறை இருந்தால் அதைப் போட்டுக் கொடுக்கலாம். வாட்ஸ்அப்பின் ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ பக்கத்தை அவ்வப்போது பார்ப்பது மிக முக்கியம். ஏனென்றால் பல பெண்களுக்குக் கண்காணிப்பாளர் டெல்லியில் இல்லை, அதே வீட்டில் இருக்கிறார். சில நிமிடம் போன் கையில் கிடைத்தால் போதும், அவர்களுடைய உரையாடல் முழுவதும் இன்னொரு திரையில் ஓடும். வாட்ஸ்அப் செய்திகள் 2016 முதல் முழுமையாகப் பூட்டப்பட்டுப் போகின்றன என்பது உண்மைதான். ஆனால் கூகுளிலோ ஐகிளவுடிலோ சேமிக்கும் நகலுக்கு அந்தப் பூட்டை நாமே போட வேண்டும். இவை எல்லாம் கசிவைக் குறைக்கும். டவர் பதிவையோ வாக்காளர் பட்டியலையோ இவற்றால் தொட முடியாது.

அதற்குச் சட்டம் வேண்டும். நம்மிடம் இப்போது ஒன்று இருக்கிறது. 2023 ஆகஸ்டில் ஒப்புதல் பெற்ற டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்தே நடைமுறைக்கு வரும். குறிப்பிட்ட நோக்கத்துக்கு மட்டுமே தகவலைப் பெறவேண்டும் என்பதும், நோக்கம் முடிந்ததும் அழிக்க வேண்டும் என்பதும், மீறலின் வகையைப் பொறுத்து 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்பதும் அதில் இருக்கின்றன. ஆனால் 17ஆம் பிரிவின்படி, மத்திய அரசு தான் விரும்பும் அரசு அமைப்புகளுக்குப் பாதுகாப்பு, பொது ஒழுங்கு முதலிய காரணங்களைச் சொல்லி முழு விலக்கு அளிக்கலாம். மிகப் பெரிய கிடங்குகள் யாரிடம் இருக்கின்றனவோ அவர்களுக்கே கதவு திறந்திருக்கிறது. ஆனாலும் மக்கள் கேட்டால் மாற்றம் வருகிறது. 2025 நவம்பர் 28 அன்று, எல்லாப் புதிய போன்களிலும் ‘சஞ்சார் சாத்தி’ செயலியை முன்கூட்டியே நிறுவ வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. நம் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று பார்க்கவும் திருடுபோன போனை முடக்கவும் அது உண்மையிலேயே உதவும் சேவை, விரும்புகிறவர் பயன்படுத்தலாம். கட்டாயம் என்றதும் நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. டிசம்பர் 3 அன்று அந்தக் கட்டாயத்தை அரசே விலக்கிக்கொண்டது.

மாநில அரசுகள் டெல்லிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கர்நாடகமும் தமிழ்நாடும் தாங்கள் நடத்தும் ஒவ்வொரு செயலிக்கும், தகவல் திரட்டத் தரும் ஒவ்வொரு அனுமதிக்கும், அரசாணையிலேயே சிலவற்றை எழுதிவிடலாம்: என்னென்ன எடுக்கப்படும், எந்தத் துறை மட்டும் பார்க்கும், எந்தத் தேதியில் அழிக்கப்படும், அழித்ததைத் துறைக்கு வெளியே உள்ள யார் சரிபார்த்துச் சான்று தருவார். ஒட்டுக்கேட்பு உத்தரவுகள் ஆண்டுக்கு எத்தனை போடப்பட்டன, மறுஆய்வுக் குழு அவற்றில் எத்தனையை நிராகரித்தது என்ற எண்ணிக்கையைச் சட்டமன்றத்தில் வைக்கலாம். யாருடைய பெயரும் அதில் வேண்டாம். இவற்றுக்கெல்லாம் புதிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை.